பூட்டிய வீட்டுக்கு ஆட்டோபே: கரண்ட் பில் கணக்கை எப்படி அமைப்பது

செட்டிநாட்டில், அதாவது காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் கரண்ட் பில் பாக்கி நிற்கிறது என்றால் பெரும்பாலும் அது பணத்தட்டுப்பாடு இல்லை. வீட்டில் ஆள் இல்லை, அவ்வளவுதான். வீட்டுக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். பங்காளிகளில் யார் கட்டுவது என்பதில் ஒருவர் மேல் ஒருவர் நம்பிக்கை வைத்து யாருமே கட்டியிருக்க மாட்டார்கள். பிள்ளையார் நோன்புக்கோ படைப்புக்கோ (முன்னோர் வழிபாடு) வந்து கதவைத் திறந்தால் பீஸ் கேரியரைக் காணோம்; இணைப்பைத் துண்டித்திருப்பார்கள். இதற்குத் தீர்வாக எல்லோரும் சொல்வது, "ஆட்டோபே போட்டுவிடுங்கள், தானாகப் போய்விடும்" என்பது. போடலாம். ஆனால் குடியிருக்கும் வீட்டுக்குப் போடுவதும் பூட்டிய வீட்டுக்குப் போடுவதும் ஒன்றல்ல.

லண்டனில் இருக்கும் உறவினர்கள் சொல்லும் 'டைரக்ட் டெபிட்' வேறு வகை. அங்கே கம்பெனி ஒரு வருடச் செலவை உத்தேசித்து, பன்னிரண்டால் வகுத்து, மாதாமாதம் ஒரே தொகையை எடுக்கும். கோடையில் அதிகமாகக் கட்டியது குளிர்காலத்தில் கழியும். நம் ஊரில் அப்படி இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுத்து, ஓடிய யூனிட்டுக்குத்தான் பில். மாதக் கணக்கெடுப்பு 2021 தேர்தல் வாக்குறுதியில் இருந்தது. ஸ்மார்ட் மீட்டர் வந்தபிறகு என்று சொல்லப்பட்டது. ஆகவே இங்கே ஆட்டோபே என்றால், ஒவ்வொரு முறையும் வேறு வேறு தொகை, அதுவும் இரண்டு மாத இடைவெளியில். லண்டன் பழக்கத்தில் 'மாதம் 1-ஆம் தேதி 500 ரூபாய்' என்று நிரந்தர உத்தரவு போட்டு வைப்பவர்கள் முதலில் இடறுவது இங்கேதான்.

ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் பணம் போய்ச் சேர வேண்டும். உங்கள் பகுதியில் 8-ஆம் தேதி வாக்கில் ரீடிங் எடுப்பார்கள் என்றால் 28-ஆம் தேதி கெடு. ஆட்டோபேயை 5-ஆம் தேதிக்கு வைத்திருந்தால், அது பணம் எடுப்பது அடுத்த மாதம் 5-ஆம் தேதி. அதற்குள் கெடு தாண்டி ஒரு வாரம் ஆகியிருக்கும். 'பில் வந்தவுடன்' என்ற விருப்பம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். தேதிதான் கேட்கிறது என்றால் வழக்கமான ரீடிங் நாளுக்கு ஏழு முதல் பத்து நாள் தள்ளி வையுங்கள். ரீடிங் எந்த நாளில் எடுக்கிறார்கள் என்பதை வெள்ளை அட்டையிலோ (ரீடிங்கைக் குறித்துவைக்கும் மின்வாரிய அட்டை), மின்வாரியத் தளத்தில் பழைய பில்களிலோ பார்த்துக்கொள்ளலாம். ஒற்றைப்படை மாதமா இரட்டைப்படை மாதமா என்பது ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு மாறும். அடுத்த தெரு அண்ணன் வீட்டு நாளை நம் வீட்டு நாளாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இணைப்பு எண்ணும் விலாசமும்

மின் இணைப்பு எண்ணில் முதல் இரண்டு இலக்கம் மண்டலம், அடுத்த மூன்று பிரிவு அலுவலகம், அடுத்த மூன்று பகிர்மானம், கடைசியில் உங்கள் இணைப்பு. செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டத்தில் கிடக்கிறது. காரைக்குடிக்காரருக்கு உள்ள முன் இலக்கமே கடியாபட்டிக்கும் இராயவரத்துக்கும் பொருந்தும் என்று எண்ணிப் போடக் கூடாது. ஒரு இலக்கம் பிசகினால் யாரோ ஒருவர் வீட்டு பில்லை நீங்கள் கட்டுவீர்கள். அந்தப் பணத்தைத் திரும்பப் பெறுவது எளிதான வேலை இல்லை.

எண்ணைப் போட்டதும் திரையில் பெயர் வரும். அதைத்தான் சரிபார்க்க வேண்டும், ஆனால் நம் பக்கத்தில் அதிலும் ஒரு சிக்கல். இணைப்பு பெரும்பாலும் ஐயா (தாத்தா) பெயரிலோ அவருடைய அப்பா பெயரிலோ இருக்கும். பெயருக்கு முன் விலாச எழுத்துகள் ஐந்தாறு இருக்கும்; விலாசம் என்றால் இங்கே முகவரி இல்லை, முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள். ஆப்பில் பெயர் பாதியில் வெட்டப்பட்டோ, நடுவில் நட்சத்திரக் குறியோடோ வரும். ஒரே விலாசத்தில் பங்காளி வீடுகள் அடுத்தடுத்து இருக்கும்போது, வெட்டுப்பட்ட பெயர் இரண்டுக்குமே பொருந்திவிடும். பெயரோடு கடைசி பில் தொகையும் வெள்ளை அட்டையில் எழுதியதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இரண்டும் பொருந்தினால்தான் மேலே போகலாம்.

பணம் கட்டுபவர் பெயரும் இணைப்புதாரர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தாத்தா காலமாகி இணைப்பு அவர் பெயரிலேயே இருந்தாலும் பேரன் கணக்கிலிருந்து கட்டலாம். பெயர் மாற்றம் தனி வேலை; அதை முடித்தால்தான் ஆட்டோபே என்று தள்ளிப்போட வேண்டாம். முகப்புக்கு ஒன்று, பின்கட்டுக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று என்று ஒரே வீட்டில் இரண்டு மூன்று இணைப்பு இருப்பதும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆட்டோபே வேண்டும். மோட்டார் இணைப்பைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

எந்த வழியில் போடுவது

பாஸ்புக்கில் என்.ஏ.சி.எச். என்று வருவது பெரும்பாலும் கடன் தவணைக்கும் காப்பீட்டு பிரீமியத்துக்கும். கரண்ட் பில்லுக்கு நடைமுறையில் மூன்று வழி.

முதலாவது, உங்கள் பேங்கின் நெட்பேங்கிங்கிலோ மொபைல் ஆப்பிலோ மின்வாரியத்தை 'பில்லர்' (பில் அனுப்பும் நிறுவனம்) ஆகச் சேர்த்து, அங்கேயே ஆட்டோபேயை இயக்குவது. பில் விவரத்தை பாரத் பில்பே என்ற பொதுவான பில் கட்டும் அமைப்பு வழியாக பேங்கே எடுத்துக்கொள்ளும். பூட்டிய வீட்டுக்கு என் ஓட்டு இதற்குத்தான். போன் மாறினாலும் ஆப்பை அழித்தாலும் உத்தரவு பேங்கில் நிற்கும்.

இரண்டாவது யுபிஐ ஆட்டோபே. 2020 ஜூலையில் வந்தது. போன்பே, கூகுள்பே போன்ற ஆப்பில் மின்கட்டணம், தமிழ்நாடு மின்வாரியம் (புதிய பெயரில் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்றும் இருக்கும்), இணைப்பு எண், பெயர் சரிபார்ப்பு என்று போய், ஆட்டோபேயைத் தொட்டு, உச்சவரம்பும் கால இடைவெளியும் கொடுத்து, யுபிஐ பின் போட்டால் முடிந்தது. முதல் பில்லைக் கையாலேயே கட்டிப் பார்த்துவிட்டு, ரசீது சரியாக வந்தபிறகு ஆட்டோபே போடுவது நல்லது. 2025 ஆகஸ்ட் முதல் யுபிஐ ஆட்டோபே நெரிசல் இல்லாத நேரத்தில் மட்டும்தான் ஓடும்: காலை 10 மணிக்கு முன், மதியம் 1 முதல் 5 வரை, இரவு 9.30-க்குப் பின். முதல் முயற்சி தவறினால் இன்னும் மூன்று முயற்சி, அதோடு சரி. "காலையில் பணம் போட்டுவிடுகிறேன்" என்று இருக்காமல், முந்தின நாள் இரவே கணக்கில் பணம் இருக்கட்டும்.

மூன்றாவது கிரெடிட் கார்டு. கார்டு காலாவதியானாலோ தொலைந்து புதுசு வந்தாலோ உத்தரவும் சேர்ந்து போய்விட வாய்ப்பு அதிகம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருபவருக்கு இது வேண்டாத தலைவலி.

கார்டு, யுபிஐ இரண்டுக்கும் ரிசர்வ் வங்கியின் விதி ஒன்றுதான். பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்பே அறிவிப்பு வர வேண்டும். வேண்டாம் என்றால் அந்த ஒரு தடவை மட்டும் நிறுத்தலாம், மொத்தமாகவும் ரத்து செய்யலாம். 15,000 ரூபாய் வரை பின், ஓடிபி எதுவும் கேட்காமல் போகும். 2021-இல் இந்த ஏற்பாடு நடைமுறைக்கு வந்தபோது வரம்பு 5,000. 2022 ஜூனில்தான் 15,000 ஆனது.

உச்சவரம்பு எவ்வளவு

விஷயமே இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலானோர் "எதற்கும் இருக்கட்டும்" என்று 15,000 போட்டுவிடுகிறார்கள். குடியிருக்கும் வீட்டுக்கு அது சரி. பூட்டிய வீட்டுக்கு அது தவறு.

கணக்கைப் பாருங்கள். 2024 ஜூலை முதல் உள்ள வீட்டுக் கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் நின்றால், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. ஆக 200 யூனிட்டுக்கு 235 ரூபாய், 400-க்கு 1,175, 500-க்கு 1,805. ஐந்நூறைத் தாண்டினால் அந்த 2.35 சலுகை பறிபோய், 101 முதல் 400 வரை முழுதும் 4.70 ஆகிவிடும். அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, ஆயிரம் வரை 10.50, அப்புறம் 11.55. 510 யூனிட் ஓடினால் 2,124 ரூபாய். கடைசிப் பத்து யூனிட்டுக்கு மட்டும் 319 ரூபாய் கூடுதல்.

வீடுகளுக்கு நிலைக்கட்டணம் 2022 செப்டம்பரில் எடுக்கப்பட்டுவிட்டது. அதனால் பூட்டிய வீட்டில் இரண்டு மாதத்தில் நூறு யூனிட் ஓடாதவரை பில் பூஜ்யம். மெயினை இறக்கிப் பூட்டிவிட்டுப் போன வீட்டுக்கு ஒரு ரூபாய் பில் வந்தாலும் அது விசாரிக்க வேண்டிய சங்கதி. காவலுக்கு இருப்பவர் ஹீட்டர் போடுகிறாரா, பக்கத்துக் கட்டிட வேலைக்கு யாராவது ஒயர் இழுத்திருக்கிறார்களா, மரக் கேசிங்குக்குள் ஓடும் பழைய ஒயரிங்கில் மழைநீர் இறங்கி எர்த்துக்கு லீக் ஆகிறதா, மோட்டார் ஸ்டார்ட்டர் ஒட்டிக்கொண்டு காலிக் கிணற்றில் ஓடிக்கொண்டிருக்கிறதா? எதுவாகவும் இருக்கலாம். உச்சவரம்பு 15,000 என்றால் ஆட்டோபே சத்தமில்லாமல் கட்டிக்கொண்டே போகும். அடுத்த தை மாதம் ஊருக்கு வரும்வரை உங்களுக்குத் தெரியாது.

ஆகவே நிரந்தரமாகப் பூட்டிய வீட்டுக்கு உச்சவரம்பு 500 ரூபாய் போதும். பில் அதைத் தாண்டினால் ஆட்டோபே பாதித் தொகையை எடுக்காது, மொத்தமாக நின்றுவிடும். அந்த 'நின்றுவிட்டது' என்ற எஸ்எம்எஸ்தான் உங்களுக்கு வேண்டிய மணியோசை. கெடுவுக்கு இன்னும் பத்து நாளாவது இருக்கும். ஊரில் ஒருவரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, கையால் கட்டிவிடலாம்.

கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்றவை), படைப்பு என்று வீடு திறக்கும் மாதத்துக்கு மட்டும் வரம்பை ஏற்றுங்கள். ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒன்றேகால் யூனிட் என்று வைத்தால், நாலு ஏசி, நாளுக்குப் பத்து மணி நேரம், ஆறு நாள்: 300 யூனிட். ஐந்து அறையில் 2 கிலோவாட் கெய்சர் நாளுக்கு ஒரு மணி நேரம்: 60 யூனிட். கிணற்று மோட்டார், ஃபிரிட்ஜ், வளவைச் (நடு முற்றத்தைச்) சுற்றி விடிய விடிய எரியும் விளக்கு எல்லாம் சேர்த்து ஐந்நூறை எட்டிவிடும். பத்து நாள் கூட்டம் என்றால் 800. அதற்கு பில் 4,770. ஆயிரம் யூனிட்டுக்கு 6,870. எனவே அந்தச் சமயத்துக்கு 10,000 வரம்பு தாராளம். விசேஷத்துக்கு அடுத்து வரும் பில் கட்டி முடிந்ததும் பழையபடி 500-க்கு இறக்கிவிட வேண்டும். சில ஆப்பில் வரம்பைத் திருத்த முடியாது. பழையதை ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியிருக்கும். விசேஷ வேலையில் இதுவும் ஒரு வரியாக இருக்கட்டும்.

ஒரு விஷயம் இதில் சேராது. வீட்டைப் படப்பிடிப்புக்கோ தங்கும் விடுதியாகவோ விட்டால் வீட்டுக் கட்டணம் செல்லாது. வணிகக் கட்டணத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றாமல் பிடிபட்டால் வரும் அபராதக் கோரிக்கையை ஆட்டோபே பார்த்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம்.

'கதவு பூட்டு' என்று எழுதினால்

மீட்டர் கேட்டுக்கு வெளியே இருந்தால் பிரச்சினை இல்லை. முகப்புக்கு உள்ளே, பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தால் ரீடிங் எடுக்க வருபவர் 'கதவு பூட்டு' என்று குறித்துவிட்டு, முந்தைய கணக்கை வைத்து உத்தேச பில் போடுவார். முந்தைய கணக்கு என்பது உங்கள் வீட்டுக் கல்யாண மாதமாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உச்சவரம்பு 10,000-லேயே கிடந்தால் பூட்டிய வீட்டுக்கு இன்னொரு கல்யாண பில் போய்விடும். பிறகு உண்மையான ரீடிங் எடுக்கும்போது அது சரிக்கட்டப்படும், ஆனால் பணம் அதுவரை அங்கே கிடக்கும்.

நாலைந்து சுற்றுக்குப் பிறகு மொத்தமாக ரீடிங் எடுக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எட்டு மாதத்தில் ஓடிய 480 யூனிட்டை ஒரே இரண்டு மாதத்தில் ஓடியதாகப் போட்டால் பெரிய பில் வரும். நாலு சுற்றாகப் பிரித்தால் சுற்றுக்கு 120, தலா 47 ரூபாய்தான். பிரித்துப் போட்டிருக்கிறார்களா என்று பில்லைப் பாருங்கள். இல்லையென்றால் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கேளுங்கள். ஆட்டோபே இந்தக் கேள்வியைக் கேட்காது.

இதற்கெல்லாம் நிலையான வழி, மீட்டரை வெளிச்சுவருக்கு மாற்ற விண்ணப்பிப்பது. தேக்குக் கதவுக்குப் பக்கத்தில் இரும்புப் பெட்டி அழகாக இருக்காதுதான். பக்கவாட்டுச் சந்துச் சுவரில் வைக்கலாம்.

பணம் இருந்தும் ஏன் போகாமல் நிற்கும்

அடிக்கடி நடப்பது, கணக்கு செயலிழப்பது. வீட்டுச் செலவுக்கென்று பங்காளிகள் சேர்ந்து ஒரு சேமிப்புக் கணக்கு வைத்து, அதில் புள்ளிக்கு (மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும்) இவ்வளவு என்று போட்டிருப்பார்கள். பில் பூஜ்யமாகவே வந்தால் அந்தக் கணக்கிலிருந்து ஒரு பைசாவும் நகராது. வாடிக்கையாளர் தரப்பில் இரண்டு வருடம் வரவு செலவு இல்லை என்றால் பேங்க் அதைச் செயலற்ற கணக்காக்கிவிடும். கேஒய்சி புதுப்பிக்காவிட்டாலும் முடக்கம் வரும். வருடத்துக்கு ஒரு தடவையாவது நூறு ரூபாயை இந்தக் கணக்கிலிருந்து வேறு கணக்குக்கு அனுப்பி வையுங்கள்.

அடுத்தது சிம். 24 மணி நேர அறிவிப்பு பேங்கில் பதிந்த எண்ணுக்குத்தான் வரும். வெளிநாட்டில் இருப்பவர் இந்திய சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் 90 நாள் பயன்படுத்தாமல் போட்டால் எண் போய்விடலாம். எண் போனால் அறிவிப்பும் போச்சு, யுபிஐயும் போச்சு. சிங்கப்பூர் உட்பட சில நாடுகளின் எண்ணிலேயே என்ஆர்ஓ, என்ஆர்இ கணக்கை (வெளிநாட்டில் வசிக்கும் இந்தியருக்கான பேங்க் கணக்குகள்) யுபிஐயில் இணைக்க 2023 முதல் வழி உண்டு. உங்கள் பேங்க் அதில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேலைக்காக வெளிநாடு போனவர் பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ ஆக மாற்றும்போது கணக்கு எண் மாறினால் பழைய உத்தரவு அங்கேயே செத்துவிடும். புதிதாகப் போட வேண்டும்.

மின்வாரியத்தில் பதியும் எண்ணை ஊரில் இருப்பவருடையதாகவும், பேங்க் எண்ணைப் பணம் கட்டுபவருடையதாகவும் வைப்பது என் சிபாரிசு. பில் எஸ்எம்எஸ் ஊரில் இருப்பவருக்கு வரும், பணம் போன எஸ்எம்எஸ் கட்டுபவருக்கு வரும். இரண்டு கண் இருக்கும். ஆனால் ஊரில் இருக்கும் சித்தப்பாவிடம் "நீங்கள் கட்ட வேண்டாம், ஆட்டோபே இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அவர் கவுண்டரில் கட்டுவார், அன்றே கணக்கிலிருந்தும் போகும். கூடுதலாகப் போனது முன்பணமாக நிற்கும், தொலைந்துவிடாது. பூட்டிய வீட்டில் அது கழிய வருடக்கணக்காகும்.

அந்த முன்பணத்தையே ஒரு வழியாகவும் வைத்துக்கொள்ளலாம். மின்வாரியம் முன்கூட்டியே பணம் வாங்கிக்கொள்ளும். வரும் பில்களில் கழித்துக்கொள்ளும். இரண்டாயிரம் ரூபாய் முன்பணமும், 500 ரூபாய் வரம்புள்ள ஆட்டோபேயும் சேர்ந்திருந்தால் உத்தேச பில்லோ கூடுதல் வைப்புத்தொகைக் கோரிக்கையோ வந்தாலும் இணைப்பு உடனே துண்டிக்கப்படாது. ஆனால் முன்பணம் இருக்கும்வரை மணியோசை கேட்காது என்பதால், இரண்டாயிரத்துக்கு மேல் போட வேண்டாம். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மின்வாரியத் தளத்தில் யூனிட்டைப் பாருங்கள். தொகையை அல்ல, யூனிட்டை.

பணம் கணக்கிலிருந்து போய், மின்வாரியத்தில் வரவாகவில்லை என்றால் பதற வேண்டாம். யுபிஐயில் கடைக்கோ நிறுவனத்துக்கோ போன தொகை அங்கே உறுதியாகாவிட்டால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரிலேயே விதித்திருக்கிறது. பரிவர்த்தனை எண்ணைக் குறித்துவைத்து பேங்கில் புகார் செய்யுங்கள். கெடு நெருங்கிவிட்டால் காத்திராமல் இன்னொரு தடவை கட்டிவிடுங்கள்; மறு இணைப்புக் கட்டணமும் அலைச்சலும் அதைவிட அதிகம். துண்டித்த பிறகும் கட்டாமல் விட்டால் மீட்டரைக் கழற்றிப் போய்விடுவார்கள், அப்புறம் புது இணைப்புக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்களைக் குறிவைத்து ஒரு மோசடி எஸ்எம்எஸ் சுற்றுகிறது: "உங்கள் இணைப்பு இன்றிரவு 9.30-க்குத் துண்டிக்கப்படும், உடனே இந்த மொபைல் எண்ணை அழைக்கவும்." மின்வாரியம் இப்படி யாருடைய தனி எண்ணையும் அழைக்கச் சொல்லாது. சந்தேகம் என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987 எண்ணில் இணைப்பு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்; எந்நேரமும் எடுப்பார்கள்.

பாகம் பிரிந்து வீடு வேறு பங்காளிக்குப் போனால், விற்றால், முதலில் ஆட்டோபேயை ரத்து செய்யுங்கள். ஆப்பை அழிப்பது ரத்து ஆகாது. யுபிஐ என்றால் ஆப்பில் ஆட்டோபே பட்டியலுக்குப் போய் அந்த உத்தரவை ரத்து செய்து பின் போட வேண்டும்; பேங்க் வழி என்றால் பில்லர் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். ரத்தானதற்கு வரும் எஸ்எம்எஸ்ஸைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.